துளசிப் பொட்டலம்

ஏட்டையா செல்லச்சாமி காவல் துறையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவருடைய சந்தேகம் மட்டும் இன்னும் பணியில் இருந்தது. பால்காரர் என்றைக்காவது பாலைக் கொஞ்சம் கெட்டியாக ஊற்றிவிட்டால், "என்னவே, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் பால் பழையபடி தண்ணீராக வந்த பிறகுதான் அவருக்கு நிம்மதி.

இப்படிப்பட்டவரைத்தான் அரசாங்கம் கொரோனாவுக்கு இலவசமாக ஊசி போடுகிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டது.

"ரேஷன்ல சீனி கேட்டா நாளைக்கு வரச் சொல்லுதான். ஊசிக்கு மட்டும் ஆட்டோவுல மைக்கு கட்டிக் கூப்பிடுதான். யோசிக்கணும்லாட்டி?" என்றார் மனைவி மாடத்தியிடம்.

யோசித்தார். சித்திரை போனது, வைகாசி போனது, ஆனியும் பாதி போனது. குற்றாலத்தில் சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்து விழுந்தது. குளிக்கத்தான் தடை. யாரும் குளிக்காத அருவிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் நனைந்தபடி காவல் நின்றார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் மகள் மஞ்சுவின் போன் வந்தது.

"எப்பா, நீங்களும் அம்மையும் ரெண்டு ஊசியும் போட்டாத்தான் பிரசவத்துக்கு அங்கன வருவேன். இல்லன்னா இங்கனயே பெத்துக்கிடுதேன்."

இங்கன என்றால் புளியங்குடி, மாமனார் வீடு. தலைப்பிரசவம் மாமனார் வீட்டிலா? பெற்ற மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிவர வக்கில்லாதவன் என்று தென்காசி முழுக்கப் பேசுமே. அதுகூடப் போகட்டும், பிறக்கும் பிள்ளையை முதலில் கையில் வாங்குவது யார்? சம்பந்தி இசக்கிமணியா?

ஏட்டையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த நேரத்தில் கிடைத்தவை இரண்டு வகை ஊசிகள். கோவாக்சின் என்றால் நாலு வாரத்தில் இரண்டாவது ஊசி. கோவிஷீல்டு என்றால் ஏறக்குறைய மூன்று மாதம் பொறுக்க வேண்டும். மஞ்சுவுக்கு டாக்டர் நாள் சொல்லியிருந்தது ஆவணிக் கடைசியில். எதைப் போட வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சம்பந்தி கிடையாது.

சம்பந்தி இசக்கிமணிக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. இரண்டு ஊசியும் போட்ட சான்றிதழை வாட்ஸப்பில் தன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருந்தார். அன்றைக்கே அவரும் கூப்பிட்டார்.

"மச்சான், எது கிடைக்கோ அதைப் போடும். என்னையக் கேட்டா கோவிஷீல்டு. நான் போட்டேம்லா, ஒரு தலைவலிகூட இல்ல."

போனை வைத்ததும் ஏட்டையா மாடத்தியைப் பார்த்தார். "மூணு மாசத்து ஊசியப் போடச் சொல்லுதான், பாத்தியா? நம்ம பிள்ளைய அங்கனயே வச்சுக்கிடப் பாக்கான்."

"அவரு போட்டதச் சொல்லுதாரு. இதுல என்ன இருக்கு?"

"எலுமிச்சை மூட்டையில மேல என்ன வைப்பான், அடியில என்ன வைப்பான்னு உனக்குத் தெரியாது."

ஆகவே கோவாக்சின்தான் என்று முடிவு செய்தார். மறுநாள் சவரம் செய்யும்போது, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கை நின்றுவிட்டது. தான் சொன்னதற்கு நேர்மாறாகத்தான் இவன் செய்வான் என்று இசக்கிமணிக்குத் தெரியாதா? தெரிந்தே மாற்றிச் சொல்லியிருந்தால்? அப்படியானால் கோவாக்சினில் அல்லவா ஏதோ இருக்கிறது?

இந்த இடத்தில் மனித புத்தி முடிந்துபோனது. பூக்கட்டிப் பார்ப்பது என்று தீர்மானித்தார்.

வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்து, குலுக்கிச் சாமி முன்னால் போட்டு, யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூதான் சாமியின் உத்தரவு. மறுபேச்சு கிடையாது. பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவதுவரை அவர்கள் குடும்பத்தில் இப்படித்தான் நடந்திருக்கிறது. பெரிய கோயில்களெல்லாம் கொரோனாவுக்காகப் பூட்டித் திறந்து பூட்டிக்கொண்டிருந்த காலம். அவர்களுடைய குலசாமி சாஸ்தாவோ குளக்கரையில் வெட்டவெளியில் இருந்தார். கதவே இல்லாததால் அவரை யாராலும் பூட்ட முடியவில்லை.

நந்தியாவட்டையும் அரளியும் பறித்துக்கொண்டு இருவரும் போனார்கள். வெள்ளை கோவாக்சின், சிவப்பு கோவிஷீல்டு. மாடத்தி மடிக்கப் போனாள்.

"விடு. நானே மடிச்சுக்கிடுதேன்."

"என்னையுமா சந்தேகம்?"

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

முதுகைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் மடித்தார். திரும்பியபோது சாஸ்தா முன்னால் ஐந்து பொட்டலங்கள் இருந்தன.

"ரெண்டு பூவுக்கு எதுக்குங்க அஞ்சு பொட்டலம்?"

"மத்த மூணும் டம்மி. உள்ள துளசி வச்சிருக்கேன்."

"சாமிக்கு எதுக்கு டம்மி?"

"அடையாள அணிவகுப்புன்னா சந்தேகப்பட்டவனை மட்டும் நிறுத்தக் கூடாதுட்டி. அதே உயரம், அதே உடம்புவாகுள்ள ஆளுகளையும் கலந்து நிறுத்தணும். அப்பத்தான் கோர்ட்டுல செல்லும்."

"சாஸ்தா எந்தக் கோர்ட்டுக்குங்க போகப் போறாரு?"

ஏட்டையா தோளில் கிடந்த துண்டால் அவள் கண்ணைக் கட்டி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எடு என்றார். எடுத்தாள். பிரித்தார்.

துளசி.

குளத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. அதையும் ஏட்டையா திரும்பிப் பார்த்தார்.

"இன்னொண்ணு எடு."

அதுவும் துளசி.

"ரெண்டும் வேண்டாங்குது சாமி," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"அஞ்சுல மூணு துளசிய நீங்களே வச்சா, சாமி என்னதான் செய்யும்?"

"உத்தரவு உத்தரவுதான். ஊசி கிடையாது."

"அப்ப மஞ்சு?"

மாடத்தி துண்டை அவிழ்த்தாள். உதறி மடித்து அவர் தோளிலேயே போட்டாள்.

"நான் போட்டுட்டேன்."

"எதை?"

"ஊசிய. ரெண்டையும்."

ஏட்டையா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எப்ப?"

"நீங்க ஊசியப் பத்தி வீடியோ பாத்துக்கிட்டு இருந்தீய. கறிகாய் வாங்கப் போறேன்னு போயி முத ஊசி போட்டேன். நாலு வாரம் கழிச்சு ரெண்டாவது போடப் போனேன். அன்னைக்கும் அதே வீடியோவத்தான் பாத்துக்கிட்டு இருந்தீய."

"கை வலிச்சிருக்குமே?"

"வலிச்சுது. மாவாட்டுன வலின்னு சொன்னேன். நீங்கதான தைலம் தேய்ச்சு விட்டீய?"

எத்தனையோ திருடர்களைக் கைரேகையை வைத்தே பிடித்தவர் ஏட்டையா. முக்கியமான தடயத்தின் மேல் தன் கையாலேயே தைலம் தேய்த்தது பணிக்காலத்தில்கூட நடந்ததில்லை.

"வெள்ளிக்கிழமை மஞ்சு வாரா. அவகிட்ட நான்தான் பேசி முடிச்சேன். உங்களுக்கு ரெண்டு ஊசியும் முடியிறவரைக்கும் பைக் நிறுத்துற கொட்டகையில கட்டில் போட்டுக்கிடணுமாம். வீட்டுக்குள்ள வரக் கூடாது, பிள்ளையத் தொடக் கூடாது."

ஏட்டையா மறுநாள் காலை, சாரலில் நனைந்துகொண்டே குற்றாலத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த முகாமுக்குப் பைக்கில் போய் நின்றார். ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸின் பெயர் ஜெபமலர் என்று சட்டையில் இருந்தது. அதையும் ஒருமுறைக்கு இருமுறை வாசித்துக்கொண்டார்.

"எந்த ஊசிம்மா?"

"கோவிஷீல்டு மட்டும்தான் ஐயா வந்திருக்கு. மத்தது எப்ப வரும்னு தெரியாது."

ஏட்டையாவின் கண் சுருங்கியது. "புளியங்குடியில இருந்து யாரும் போன் பண்ணுனாங்களா?"

"எதுக்கு ஐயா?"

"நான் வருவேன்னு."

ஜெபமலர் ஒரு நொடி பார்த்தாள். "போடுதீங்களா, அடுத்த ஆளக் கூப்பிடவா?"

திரும்பிப் போகலாம். நாலு வாரத்து ஊசி அடுத்த வாரம் வரலாம், அடுத்த மாதம் வரலாம், வராமலே போகலாம். சித்திரையில் வந்திருந்தால் எதைப் போட்டிருந்தாலும் இந்நேரம் இரண்டாவதும் முடிந்திருக்கும் என்பது அந்த வரிசையில் நிற்கும்போதுதான் உறைத்தது. இதில் இசக்கிமணியை எங்கே சேர்ப்பது என்று தேடிப் பார்த்தார். இடமே இல்லை.

மருந்துப் புட்டியை வாங்கி, அதன் மூடியையும் தேதியையும் பார்த்தார். "நீங்க எதும்மா போட்டீங்க?"

"அன்னைக்கு எது வந்துச்சோ அதை. கையைத் தளர்த்தி விடுங்க. முடிஞ்சுது, போங்க."

"முடிஞ்சுதா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. உள்ள போச்சா?"

"சாயந்தரம் காய்ச்சலடிக்கும். அப்பத் தெரிஞ்சுக்கிடுவீங்க."

சாயந்தரம் நன்றாகவே அடித்தது. அதற்குள் அவருடைய கட்டில் கொட்டகைக்குப் போயிருந்தது. மாடத்தி கொட்டகை வாசலில் கஞ்சியை வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உள்ளதான் போயிருக்கு," என்று ஏட்டையா நடுங்கிக்கொண்டே திருப்தியாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மஞ்சு வந்தாள். அப்பாவும் மகளும் ஜன்னல் வழியாகவே ஆடி மாதம் முழுக்கச் சண்டை போட்டார்கள். ஆவணிக் கடைசியில் பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே இசக்கிமணி காரில் வந்து இறங்கினார். கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மச்சான், நான் சொன்னதத்தான போட்டீரு?"

"ஆமா."

"தலைவலி இருந்துச்சா?"

"இப்பத்தான் வருது."

இசக்கிமணி சிரித்துக்கொண்டே கைகழுவிவிட்டு, ஏட்டையா கட்டிய வீட்டின் படியேறி, ஏட்டையாவின் நாற்காலியில் உட்கார்ந்து, பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டார். ஏட்டையா அதை ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தார். கம்பிக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவர்களைப் பார்த்து அவருக்கு எவ்வளவோ பழக்கம். பொறாமைப்பட்டது இதுதான் முதல் தடவை. இரண்டாவது ஊசிக்குப் புரட்டாசி ஆகிவிடும்.

சம்பந்தியின் கார் கிளம்பியதும் மஞ்சு பிள்ளையோடு ஜன்னலுக்கு வந்தாள்.

"எப்பா, மாஸ்க்கை ஏத்திப் போடுங்க. இந்தா பாரு, உங்க தாத்தா."

பிள்ளை கண்ணைத் திறந்தது. முகத்தைப் பாதி மூடிக்கொண்டு கம்பிக்கு அந்தப்பக்கம் நிற்கிற ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்தது. புருவம் சுருங்கியது. கண் இடுங்கியது. இந்த ஆள் யார், இங்கே ஏன் நிற்கிறான், இவன் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்பது போல இன்னொரு முறையும் பார்த்தது.

ஏட்டையாவின் கண் நிறைந்துவிட்டது.

"ஏட்டி மாடத்தி, ஓடி வா!" என்று கத்தினார். "எப்பிடிப் பாக்கா பாரு! நம்ம பிள்ளைதான்ட்டி, சந்தேகமே இல்ல!"