மூன்று விசில்

அந்தச் சந்தையில் வசந்தாதேவிக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: சுனாமியக்கா. முகத்துக்கு நேரே சொன்னாலும் அவள் கோபிக்கமாட்டாள். மூத்த மகனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு இந்தப் பகிடியெல்லாம் எந்த மூலைக்கு? அழுது ஓய்ந்த மறுவருடமே ஊரின் அனர்த்த முன்னெச்சரிக்கைக் குழுவில் சேர்ந்தாள். ஒலிபெருக்கியும் விசிலும் கைக்கு வந்ததும் மூன்று மாதத்துக்கு ஒருதடவை சந்தைச் சனத்தை ஓடவிட்டு ஒத்திகை பார்த்தாள். யுத்தம் நடந்தபோதும் விடவில்லை, அது முடிந்து ஒரு வருடமாகப் போகிறது, இன்னும் விடவில்லை.

களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிற நிலத்தில் அந்தச் சந்தை. அதன் நடுவில் சுனாமிக்குப் பிறகு யாரோ வெளிநாட்டார் கட்டிக்கொடுத்த மாடிக் கட்டடம். கீழே கடை அறைகள், அவற்றுக்கு மேல் தடித்த கொங்கிரீட் தட்டு, அந்தத் தட்டின்மேல் தகரக் கூரை போட்ட மண்டபம். மண்டபத்துக்கு நாலு யன்னல், நாலும் கடலைப் பார்த்தபடி. வாவிப் பக்கம் வெறும் சுவர். அந்தப் பக்கத்தால் என்ன வந்துவிடப் போகிறது என்று ஊரே நினைத்திருந்தது.

ஒத்திகையில் வசந்தாதேவியின் சட்டங்கள் கடுமையானவை. ஒலிபெருக்கி ‘மேலே’ என்றால் எல்லாரும் மண்டபத்துக்கு ஏறவேண்டும். ஏறியபின் யார் கூப்பிட்டாலும், அவளே கூப்பிட்டாலும், இறங்கக்கூடாது. அவளுடைய மகன் முதல் அலைக்குத் தப்பியவன். சைக்கிளை எடுக்கத் திரும்பிப் போய்த்தான் அவன் இல்லாமல் போனான். அதனால் சில நாள் வேண்டுமென்றே ‘இறங்குங்க’ என்று பொய்யாகக் கத்துவாள். நம்பி இறங்கியவனைச் சந்தைக்கு நடுவில் நிற்கவைத்து ஏசுவாள். மூன்று நீள விசில் கேட்டால் மட்டும்தான் ஆபத்து நீங்கியதென்று அர்த்தம்.

கடைசியாக இறங்கவேண்டியவள் அவளுடைய இளையவள் உசாந்தி. வயது பதினாலு. நாலு யன்னலையும் சாத்திக் கொளுவி, கதவைப் பூட்டி, சாவியைத் தாயின் கையில் கொடுக்கவேண்டும். ‘சரி மகள், இனி வீட்ட போவம்’ என்று தாய் சொன்னால்தான் ஒத்திகை முடிந்ததாகக் கணக்கு. ஒருநாள் ஒரு யன்னலை மறந்துபோய் அத்தனை சனத்துக்கு முன்னால் ஏச்சு வாங்கினாள் பிள்ளை. பிறகு ஒருநாளும் மறக்கவில்லை.

சித்திரை வருசத்துக்கு இரண்டு நாள் இருந்தது. பின்னேரம் மூன்று மணி. சந்தையில் கால்வைக்க இடமில்லை. வெயில் திடீரென்று அணைந்து வானம் கறுத்தது. கீழே குழுவின் அறையில் இருந்த வசந்தாதேவிக்கு முதலில் கேட்டது இரைச்சல்தான். நூறு லொறி ஒன்றாக வருகிற இரைச்சல். அந்த மார்கழிக் காலையில் கேட்ட அதே இரைச்சல். வெளியே எட்டிப் பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை, ஒலிபெருக்கியை எடுத்தாள்.

“கடல் வருது! மேல ஏறுங்க! எல்லாரும் மேல!”

சனம் ஏறியது. தள்ளுமுள்ளு இல்லை, ஓலம் இல்லை. மேலே உசாந்தி கதவைத் திறந்துவிட்டு ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினாள். அந்தப் பயத்திலும் வசந்தாதேவிக்குப் பெருமையாக இருந்தது. ஐந்து வருட உழைப்பு அல்லவா?

கருவாடு விற்கிற நபீஸா ஓடிவந்து அவளுடைய கையைப் பிடித்துப் பின்வாசலுக்கு இழுத்தாள். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் உரலைக் கட்டிப்பிடித்து உயிர் தப்பியவள் அவள்.

“கடலில்லகா, காத்து! அங்க பாரு!”

வாவிக்கு நடுவில் தண்ணீர் தூணாக எழுந்து நின்றது. அதன் தலை மேகத்துக்குள் இருந்தது. அது சுழன்றபடி கரையைப் பார்த்து வந்தது.

“தகரத்துக்குக் கீழயா சனத்த ஏத்தி வெச்சிருக்காய்? கூப்பிடுகா!”

வசந்தாதேவி ஒலிபெருக்கியில் கதறினாள். “எறங்குங்க! கடலில்ல, காத்து! கீழ வாங்க!”

ஒருவரும் அசையவில்லை. மரக்கறிக் கடைத் தங்கராசா யன்னலால் தலையை நீட்டினான். அவனுக்கு முன்னால் கடல் சும்மா கிடந்தது. “சுனாமியக்கா சோதிச்சுப் பாக்கிறா! ஆரும் எறங்காதீங்க!” என்று சிரித்தான்.

அழுது கெஞ்சினாள். அழுகையும் ஒத்திகையில் சேர்ந்ததென்று நினைத்தார்கள் போலும். இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. விசிலை வாயில் வைத்து ஊதினாள். மூன்று தரம், நீளமாக.

சனம் சிரித்துக்கொண்டு இறங்கியது. வந்தவர்களை அவளும் நபீஸாவும் பிடித்துப் பிடித்துக் கடை அறைகளுக்குள் தள்ளினார்கள். வாவியைக் கண்ட பிறகுதான் தங்கராசாவின் சிரிப்பு நின்றது. படி வெறுமையானது.

மேலே ஒரு யன்னல் கொளுவுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

“உசாந்தி! விட்டுட்டு ஓடி வா!”

“வாறன் அம்மா, இன்னும் ரெண்டுதான்!” அவசரமே இல்லாத குரல். ஆபத்து நீங்கிவிட்டதே, பிள்ளை ஏன் ஓடவேண்டும்?

வசந்தாதேவி படிக்குப் பாய்ந்தாள். நபீஸா அவளை இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். பிறகு வெளிச்சம் போய்விட்டது.

இரண்டு நிமிடம் இருக்காது. காற்று போனபின் தென்னைகளில் தகரங்கள் துணிபோலச் சுற்றிக்கிடந்தன. ஒரு தோணி நடுரோட்டில் கவிழ்ந்திருந்தது. மண்டபத்துக்குக் கூரை இல்லை. வாவிப் பக்கச் சுவர் உள்ளே விழுந்திருந்தது. கடல் பக்கச் சுவர் அப்படியே நின்றது. அதில் நாலு யன்னலும் ஒழுங்காகக் கொளுவியிருந்தன.

கதவடியில் கல்லைப் புரட்டி எடுத்தார்கள். உசாந்தியின் உடம்பு இன்னும் சூடாக இருந்தது. மூச்சு இல்லை.

“அக்கா, நீங்க ஊதாட்டி நாங்க ஒருத்தரும் இல்ல” என்று தங்கராசா அவளுடைய காலடியில் குந்தியிருந்து அழுதான்.

வசந்தாதேவிக்கு அழுகை வரவில்லை. பிள்ளையின் வலது கை இறுக மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருந்த சாவியை எடுத்துக்கொண்டாள்.

“சரி மகள், இனி வீட்ட போவம்” என்றாள்.