துணைக்கு வருபவர்

என் கணவர் மெத்தோடி இறந்த நாற்பதாம் நாள் காலையில் கோயிலுக்கும் கல்லறைக்கும் போய்விட்டு, அப்படியே பேருந்து அட்டை அலுவலகத்துக்கு வந்தேன். கல்லறை ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கிறது. போகும்போது நடத்துநர் என் அட்டையைக் கருவியில் வைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"துணைக்கு வருபவர்னு போட்டிருக்கு. ஆள் எங்கம்மா?"

கையில் இருந்த பூவைக் காட்டினேன். மனுஷன் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

என் கணவருக்குக் கண் தெரியாது. அதனால் அவருக்கு ஓர் இலவச அட்டை, கூடப் போகிற எனக்கு ஒன்று. அவர் இல்லாமல் என்னுடையது செல்லாது. எனக்கும் எழுபது ஆகிவிட்டது, மூத்தோர் அட்டை கேட்கலாம். அது கிடைக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுக்கக் கட்டாது, இந்த இடுப்பை வைத்துக்கொண்டு மேடு ஏறி நடக்க முடியாது. அவரைப் பார்க்கப் போவது இன்றோடு சரி.

இவ்வளவும் தெரிந்தது, ஆனால் எதுவும் உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மரத்துக் கிடந்தேன். அடக்கத்தன்றும் அழவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறியேடி, ஒரு சொட்டாவது விடேன்" என்றாள் மாடி வீட்டு கெர்கினா. கண்ணீர் என்ன குழாய்த் தண்ணீரா, கேட்டதும் திறந்துவிட?

வரிசையில் எனக்குப் பின்னால் ஊன்றுகோலோடு ஒரு பெரியவர். பெயர் ஸ்பிரிதோன் என்று அவரே சொன்னார், யாரும் கேட்கவில்லை.

"அக்கா, இந்த வரிசை போற போக்குல நமக்கு நூறு வயசு அட்டைதான் கிடைக்கும்."

என் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஸ்னெஷானா என்று சட்டையில் பெயர் குத்திய பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கோயிலில் கொடுத்தது போக மிச்சம் இருந்த பெட்டியை அவளிடம் நீட்டினேன்.

"ஐயையோ, எடுங்கம்மா! மேல கேமரா இருக்கு. என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க!"

தப்பு என்மேல்தான். வீட்டில் கைக்குக் கிடைத்த பழைய சாக்லேட் பெட்டியில் போட்டு எடுத்து வந்திருந்தேன். எங்கள் நாட்டில் அலுவலக ஜன்னலுக்குள் சாக்லேட் பெட்டி நுழைந்தால் அதற்கு ஒரே பொருள்தான், லஞ்சம்.

"அந்தப் பொண்ணு வேணாம்னா இந்தப் பக்கம் தள்ளுங்கக்கா. எனக்குக் கேமரா பயமெல்லாம் இல்ல" என்றார் ஸ்பிரிதோன்.

மூடியைத் திறந்தேன். வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரைப் பொடி, அக்ரூட் பருப்பு. நாற்பதாம் நாளில் கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பது. ஸ்பிரிதோன் தொப்பியைக் கழற்றினார். ஸ்னெஷானாவின் முகம் சிவந்துவிட்டது. கேமராவுக்கு நேராகவே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, இறந்தவருக்காக எங்கள் பக்கம் சொல்கிற வார்த்தையைச் சொன்னாள்.

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்."

"மன்னிக்கட்டும்" என்றார் ஸ்பிரிதோன், வாய் நிறைய.

பிறகு அவள் பழைய அட்டைகள் இரண்டையும் கேட்டாள். விதிப்படி வெட்டியாக வேண்டுமாம். கொடுத்தேன். கத்தரிக்கோல் அட்டைப் படத்தில் மெத்தோடியின் மூக்கு வழியாகப் போனது. நல்ல கூர்மையான கத்தரிக்கோல் என்று நினைத்தேன். என் புத்தி அந்த நேரத்தில் அவ்வளவுதான் வேலை செய்தது.

அடுத்தது படம். சுவரோரம் நாற்காலி, எதிரே ஒரு சின்ன கேமரா.

"இடது தோளைக் கொஞ்சம் இறக்குங்கம்மா."

"இறங்கித்தானே இருக்கு."

"இல்லியே, தூக்கிட்டு நிக்குது. கம்ப்யூட்டர் படத்தை ஏத்துக்க மாட்டேங்குது."

இரண்டாவது படமும் தள்ளுபடி. வலது கையால் தோளை அழுத்திப் பிடித்தேன். விட்டதும் பழையபடி ஏறிக்கொண்டது. மூன்றாவதும் போயிற்று.

"படம் சரியா வராம அட்டை குடுக்க முடியாதும்மா. டாக்டர்கிட்ட காட்டிட்டு இன்னொரு நாள் வாங்களேன்" என்றாள். அவளுக்கே சங்கடமாக இருந்தது. நான் எழுந்தேன். அப்போது அவள் பார்வை மேசைமேல் கிடந்த அட்டைத் துண்டுகள்மேல் போயிற்று.

"அம்மா, அவரு எந்தப் பக்கம் பிடிச்சுட்டு நடப்பாரு?"

"இடது பக்கம்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. முப்பது வருஷம் அவர் பிடித்துக்கொள்ள முழங்கையை மடித்து, தோளைத் தூக்கி வைத்தே நடந்திருக்கிறேன். அவர் போன செய்தி தோளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

ஸ்னெஷானா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, நான் சொன்னதும் அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்துங்க."

"இந்த வயசுல கவர்மெண்ட் உத்தியோகம்! சம்பளம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்பிரிதோன் கண்ணாடிக்குப் பின்னால் போனார்.

அவள் படத்தில் விழாதபடி என் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி, என் இடது முழங்கை மடிப்புக்குள் கையை நுழைத்துக்கொண்டாள். யாரும் அழுத்தவில்லை, தோள் தானாக இறங்கியது.

"இப்போ அழுத்துங்க!"

"ஏத்துக்கிச்சு! ஏத்துக்கிச்சு!" என்று கத்தினார் ஸ்பிரிதோன். வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

அவள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

"எடுத்துடாதே கண்ணு," என்றேன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அப்போது வந்தது அழுகை. அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி, மூக்கு ஒழுக, ஒரு கிழவி அழக்கூடாத விதமாக அழுதேன். அவள் கையை எடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்களும் அவசரப்படுத்தவில்லை.