விட்டுப்போன சாயம்

ஆறாவது கண்ணாடித் தகட்டை நோயியல் டாக்டர் நுண்ணோக்கியின் கீழ் நகர்த்தினாள். இரண்டு முனையும் கூரான செல்கள் கட்டுக்கட்டாக, அத்தனையும் பழுப்பேறிக் கிடந்தன. இந்தச் சாயம் இப்படிப் பிடித்தால் அது புராஸ்டேட்டில் பிறந்த புற்று இல்லை. மலக்குடல் சுவரில் முளைத்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்த வேறு கட்டி. மாத்திரைக்குச் சுருங்கக்கூடியது.

இரண்டு வாரத்துக்கு முன் ஊசியில் எடுத்த துணுக்கைப் பார்த்து, புராஸ்டேட் சார்கோமா, அங்கேயே பிறந்த புற்று, என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். இவ்வகைக் கட்டிகள் நாலைந்து உண்டு. வழக்கமான சாயத்தில் எல்லாம் ஒரே அச்சு. பிரித்துக் காட்டக்கூடிய இந்தச் சாயம் அன்று தீர்ந்துபோயிருந்தது. வர பத்து நாள் ஆகும் என்றார்கள். அறுவை மருத்துவரோ தினமும் போன் செய்து உயிரை வாங்கினார். இருக்கிற இடம் புராஸ்டேட், வேறென்னவாக இருக்கப்போகிறது என்று எழுதிவிட்டாள். புராஸ்டேட், மூத்திரப்பை, மலக்குடலில் ஒரு துண்டு எல்லாம் சேர்த்து வெட்டியெடுக்கப்பட்டு, போன வாரம் வாளியில் அவள் மேசைக்கே வந்தன.

"திருத்தின ரிப்போர்ட் அனுப்பிடுங்க. இனிமே மாத்திரை ஆரம்பிச்சுடுவாங்க. நீங்களாப் போய் எதுக்கு வாயக் குடுக்கறீங்க?" என்றார் துறைத் தலைவர்.

அவள் மாடியேறினாள். இத்தனை வருடத்தில் எண்ணாக மட்டுமே தெரிந்த நோயாளிகளில் ஒருவரைத் தேடி வார்டுக்குள் போவது இதுதான் முதல்முறை. லாரி ஓட்டுகிறவர். தோள்கள் இன்னும் அகலமாகத்தான் இருந்தன.

"நான் கீழ லேப்ல இருக்கறவங்கய்யா. உங்க சதையப் பாத்து நோயச் சொன்னது நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

முழுவதையும் கேட்டார். வயிற்றில் ஒட்டியிருந்த, மூத்திரம் சேரும் பிளாஸ்டிக் பையைப் போர்வைக்கு மேலாகத் தடவினார்.

"அப்போ மாத்திர போட்டுப் பாத்திருக்கலாமா?"

"பாத்திருக்கலாம். சுருங்கியிருந்தா மூத்திரப்பைய விட்டு வெச்சிருக்கலாம்."

"எனக்கு அம்பத்திரண்டுதான் ஆகுது, டாக்டர்."



குளியலறைக் கதவு திறந்தது. பையிலிருந்து மூத்திரம் பிடித்த குவளையைக் கழுவிக்கொண்டு மனைவி வந்தாள். "ஏங்க, என்ன சொல்றாங்க?"

அவர் டாக்டரின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"மாத்திர தர்றாங்களாம். கேக்குமாம்."

"அப்பாடா! இனி கத்தி இல்லயே? நீங்க நல்லா இருக்கணும்மா" என்று மனைவி ஓடிவந்து டாக்டரின் கைகளைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மனைவி பிடியை விடவில்லை. அந்த ஈரக் கைகளிலிருந்து தண்ணீர், டாக்டரின் வெள்ளைக் கோட்டுக் கையின் முனையை நனைத்துக்கொண்டு முழங்கைக்கு இறங்கியது.