வடிகட்டியில் தங்கிய கடுகு

மலேசியாவின் புக்கிட் பெருந்துங்கில் செவ்வாய்தோறும் மாலையில் நடக்கும் மேல்நாட்டுச் சமையல் வகுப்பில் கண்மணி ஏற்கெனவே ஒருமுறை தேறாமல் போனவள். காளான் சூப்பில் மாவு கட்டி தட்டிவிட்டது. இன்றைய தேர்விலும் கட்டி தட்டினால் மூன்றாம் முறையாக வெங்காயம் நறுக்குவதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வந்திருந்தாள். வெண்ணெய் ஐம்பது கிராம். மாவும் அதே அளவு. பச்சை வாசனை போக வதக்கு, சிவக்க விடாதே. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று, கிளறும் கையை நிறுத்தாதே. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, போதுமா என்ற சந்தேகத்தில் மூன்றாவதும் போட்டிருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டு அஞ்சறைப் பெட்டியும் பையில் வந்திருந்தது.

"சூப்புக்கு எதுக்குலா அஞ்சறைப் பெட்டி?" என்றாள் பக்கத்து அடுப்புச் சுலைகா. அவள் அத்தாவுக்கு அசாம் ஜாவா என்ற ஊரில் சாப்பாட்டுக் கடை.

"மிளகுத்தூள் வேணும்ல."

வெண்ணெய் உருகிச் சடசடத்தது. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய ஓசை. கண்மணியின் கண் நோட்டில் இருக்க, கை பெட்டிவரை போய்த் திரும்பியது. கடுகு வெடித்தது.

சுலைகா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கறிவேப்பிலையும் போட்டுடு. ரசம்னு சொல்லிக்கலாம்."

வேறு வெண்ணெய் இல்லை. கண்மணி கண்ணீர் முட்ட மாவைக் கொட்டி வதக்கினாள். பாலை ஊற்றினாள். கை மட்டும் நிற்கவே இல்லை.

காளான் போடுமுன் ஆசிரியை சந்திரிகா வந்து, வழக்கம்போல் எல்லாவற்றையும் வடிகட்டியில் ஊற்றினார். கரகரவென்று ஏதோ தங்கியது.

"என்னம்மா இது?"

"கடுகு, டீச்சர். பதினேழு."

அவர் கரண்டி நுனியால் கிளறிப் பார்த்தார். "மாவுக்கட்டி ஒண்ணுகூட இல்ல." சற்று யோசித்தார். "கட்டி இருந்தாத்தான் ஃபெயில்னு சொன்னேன். கடுகப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. பாஸ்."

கண்மணிக்கு முதலில் மகிழ்ச்சி வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சந்தேகமும் வந்தது.

"டீச்சர், அதுல ஒண்ணு கொஞ்சம் வெளுப்பா இருக்கு. மாவா இருக்குமோ?"

"வாய மூடுலா," என்று முணுமுணுத்தாள் சுலைகா.

ஆசிரியை அந்த ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுக் கடித்தார். நறுக்கென்றது.

"கடுகுதான். போய்க் காளானப் போடு."