கடல் இல்லாத ஊரின் 418ஆம் கேள்வி

எங்கள் மாநிலத்துக்குக் கடல் கிடையாது. எந்தப் பக்கம் காரை விட்டாலும் இரண்டு நாள் கோதுமை வயல்தான். அப்படிப்பட்ட ஊரில் உணவு உதவி கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் பதினொரு வருடமாக ஒரு கேள்வி கேட்கப்பட்டது: "நீங்கள் கடல்நீர் ஏறும் பகுதியில் வசிப்பவரா?" கம்ப்யூட்டர் கேட்கச் சொல்லும், ஊழியர் கேட்பார். 'இல்லை' என்று அழுத்தாமல் அடுத்த பக்கம் திறக்காது.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருத்தி மாநில அரசின் கொள்முதல் துறை அதிகாரி லவோன் ஹாக்ஸ்டாட். இன்னொருத்தி, அந்தத் துறைக்கு நேர் எதிரே காபிக்கடை வைத்திருக்கும் நான்.

அந்தக் காலத்து டெண்டர் நாளை இப்போது நினைத்தாலும் மனம் அங்கேயே போய் நிற்கிறது. விண்ணப்பம் வாங்கும் ஜன்னல் இரண்டு மணிக்கு மூடிவிடும். ஒன்றரைக்கே டை கட்டிய ஆண்கள் தள்ளுவண்டியில் பெட்டி பெட்டியாகக் காகிதத்தை ஏற்றிக்கொண்டு பனியில் வழுக்கி வழுக்கி ஓடுவார்கள். ஒரு வருடம் ஒருவர் இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு வந்தார். லவோன் பெட்டியைத் தொடவே இல்லை. அந்த மனிதர் என் கடையில் உட்கார்ந்து அழுதுகொண்டே கேரமல் பாகு ஊற்றிய இனிப்பு ரோல் நான்கு சாப்பிட்டார். நானும் காசு வாங்கினேன், பொய் சொல்வானேன்.

அலுவலகத்தில் இடம் போதாமல், கம்பெனிகளின் பதில்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் என் கடை மேஜைகளில் காகிதத்தைப் பரப்புவார்கள். 'ரகசியம்' என்று ஒவ்வொரு தாளிலும் முத்திரை இருக்கும். மேஜை துடைக்கிறவள் கண்ணை மூடிக்கொண்டா துடைக்க முடியும்?

அப்படித்தான் 418ஆம் கேள்வியைப் பார்த்தேன். உணவு உதவி மென்பொருளுக்கான டெண்டர். மொத்தம் 612 கேள்வி. நேரம் இல்லாமல் லவோன் ஏதோ கடலோர மாநிலத்தின் டெண்டரை அப்படியே எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். கடல்நீர் ஏறும்போது கரையோர அலுவலகங்களை மூடி, மக்களைக் கரையை விட்டுத் தள்ளியுள்ள ஊர்களுக்கு அனுப்ப உங்கள் மென்பொருளால் முடியுமா? மூன்று பெரிய கம்பெனிகளும் 'முழுமையாக முடியும்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கின. எங்கள் ஊர் பிராண்ட்வோல்ட் சகோதரர்கள் மட்டும், 'கேள்வி புரியவில்லை, இங்கே கடல் எங்கே இருக்கிறது?' என்று எழுதியிருந்தார்கள். அவர்களுக்குப் பூஜ்யம். அந்த ஒரு பூஜ்யத்தில்தான் தோற்றார்கள். ஜெயித்த பெரிய கம்பெனி கடலையும் சேர்த்தே மென்பொருளைச் செய்து கொடுத்தது. அண்ணன் இப்போது டிராக்டர் உதிரிபாகம் விற்கிறான்.

போன மார்ச்சில் லவோன் ஒரு மசோதாவைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். ஓய்வுபெற மூன்று மாதம் இருந்தது. இனிமேல் காகிதத்துக்கு மதிப்பெண் கிடையாது, கம்பெனிகள் சின்னதாக ஒரு மாதிரி செய்து கொண்டுவர வேண்டும், அதில் வேலை பார்க்கப்போகிற ஊழியர்களே ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்வளவுதான் மசோதா. மசோதாவை விசாரிக்கும் குழுவின் தலைவர் செனட்டர் ஆர்லிஸ் கோல்ஸ்டாட் மசிவதாக இல்லை.

வாக்கெடுப்பு அன்று காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்தாள். ரோல் ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன லவோன், முகம் செத்துப்போச்சு?"

"காகிதம் ஏமாத்தினதுக்கு ஒரே ஒரு உதாரணம் காட்டுன்னு கேக்கறாரு ஆர்லிஸ்."

"காட்டேன்."

"என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. அதைச் சொன்னா முப்பது வருஷப் பேரு போயிடும். நான் பண்ண கூத்து அது."

"கடலா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷமாத் தெரியும்."

"ஐயோ! யார் யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல."

"நீயா? பக்கத்து வீட்டு நாய்க்குக் குட்டி பிறக்கறதுக்கு முன்னாடியே ஊருக்குச் சொன்னவளா?"

"நாய்க்கு வேலை போகாதுடி. உனக்குப் போகும்."

ரோலை மூன்றே வாயில் தின்றுவிட்டு எழுந்து போனாள். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே சட்டசபைக் குழு அறைக்குப் போனேன். பார்க்காமல் இருக்க முடியுமா?

"ஒரு உதாரணம் போதும் மேடம்," என்றார் கோல்ஸ்டாட், நாற்காலியில் சாய்ந்தபடி.

"418ஆம் கேள்வி ஐயா. அதை டெண்டர்ல போட்டது நான்தான். வேற மாநிலத்துல இருந்து பார்த்து எழுதினேன், கடலை எடுக்க மறந்துட்டேன். மூணு பெரிய கம்பெனி நம்ம கடலைச் சமாளிக்க முடியும்னு எழுதிச்சு. முழு மார்க் போட்டதும் நான்தான். இல்லாத கடலைப் பத்தி உண்மை சொன்னவங்க தோத்துட்டாங்க."

பின்வரிசையில் உணவு உதவி அலுவலகப் பெண் ஒருத்தி, "அட, அந்தக் கேள்வி நீங்கதானா!" என்று கத்தினாள். அப்புறம் கூரை பறக்கச் சிரிப்பு. லவோன் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்து வரை சிவந்து நின்றாள். ஐந்துக்கு நான்கு என்று மசோதா தேறியது. கோல்ஸ்டாட் கடைசிவரை எதிர்த்தே வாக்களித்தார், ஆனால் அவரும் சிரித்ததை நான் பார்த்தேன்.

இப்போது ஊர் அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறது. ஓய்வு விழாவில் மாலுமித் தொப்பி கொடுத்தார்கள். அன்று அதைத் தலையில் வைத்துக்கொண்டாள், வீட்டுக்குப் போய் அழுதாள். புது மென்பொருள் வந்துவிட்டது. கடல் கேள்வி இல்லை. வரிசையும் சீக்கிரம் நகர்கிறதாம்.

என் கடைக்கு முன்னால் யாரும் ஓடுவதில்லை. டெண்டர் நாளென்று பழக்கத்தில் இரண்டு தட்டு ரோல் கூடுதலாகச் சுட்டுவிட்டு, இரண்டு மணிக்குக் கடிகாரத்தைப் பார்க்கிறேன். அந்த நேரத்துக்குத்தான் லவோன் வருகிறாள். ஜன்னலோர மேஜையில் அமர்ந்து, தள்ளுவண்டி இல்லாத தெருவை இருவரும் பார்ப்போம்.

"கேப்டன், இன்னிக்குக் கடல் ஏறுதா?" என்று யாராவது கேட்பார்கள்.

"இல்லை," என்று மேஜையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள், அடுத்த பக்கம் திறக்கிற மாதிரி.

எனக்குத்தான் குறை. ஆயுளில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது. இப்போது என்னிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.