குண்டு போகிற பக்கம்

நிலக்கரிக்கு வெட்டிய திறந்தவெளிச் சுரங்கத்துக்குள் ஈயக் குண்டுகள் அந்தரத்தில் நிற்பதை முதலில் பார்த்தவர் சடையப்பன். மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டுகிற பர்மனென்ட் ஆள். முதல் ஷிப்டு, நல்ல வெயில், குடித்திருந்தார் என்று சொல்லவும் வழியில்லை. பலூன் சுடுகிற ஏர்கன்னில் போடுவார்களே, மிளகு அளவு குண்டு, அதுதான். அவர் கேபினுக்கு எதிரே, பழைய தரைமட்டம் இருந்த உயரத்தில், ஒரு கொல்லை அகலத்துக்குச் சிதறி நின்றது. காற்றடித்தால் ஆடவுமில்லை, விழவுமில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னார். உற்பத்திக்கு இடைஞ்சலா என்று அவர் கேட்டார், இல்லை என்றதும் வேலையைப் பாருங்க என்று சொல்லிவிட்டார். சந்தை நாளிலும் திருவிழா நாளிலும் குண்டுகள் கூடின, மழைக்காலத்தில் கூடவில்லை. நகரியத்தில் கொஞ்ச நாள் இதே பேச்சாக இருந்தது. பிறகு போனஸ் பேச்சு வந்தது, அதற்கு முன்னால் எது நிற்கும்? அப்படியே மறந்துபோனார்கள்.

குண்டுகள் அய்யாசாமியின் துப்பாக்கியில் இருந்து வந்தவை. அய்யாசாமியும் அவர் மனைவி செங்கமலமும் கம்மாபுரம் பக்கம் தும்பைக்குப்பத்துக்காரர்கள். இப்போது அந்த ஊரைத் தேடிப் போகாதீர்கள், சுரங்கம் அதை விழுங்கி வெகுகாலம் ஆகிறது. அவர்களுக்கு ஒரே மகள் திலகவதி. இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தைகளை எரிக்கிற வழக்கம் அங்கே இல்லை, ஊர்க்கோடி இடுகாட்டில் புதைத்து மேலே மண்ணைக் குவித்தார்கள். மறுவருடமே நிலத்துக்கு நோட்டீஸ் வந்தது. ஊரில் பாதிப்பேர் மறியலில் உட்கார்ந்திருக்க, அய்யாசாமி முதல் ஆளாகப் போய்க் கையெழுத்துப் போட்டார். காண்டிராக்ட் வேலை என்று யாரோ ஆசை காட்டியிருந்தார்கள். செங்கமலம் மட்டும், புள்ள எலும்பையாவது எடுத்துக்கினு போலாம் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். ஆவட்டும், பாத்துக்கலாம் என்றார் அவர். பார்க்க நேரம் கிடைப்பதற்குள் இடுகாட்டு மண்ணை இயந்திரம் அள்ளிக்கொண்டு போய் எங்கேயோ மலையாகக் கொட்டிவிட்டது. கிடைத்த காண்டிராக்ட் வேலையும் நாலைந்து வருடத்தில் நின்றது. அதன்பிறகுதான் பலூன் கடை. வருடாவருடம் மகள் இறந்த நாளில் செங்கமலம் ஒரு சொம்புப் பாலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்த்து ஊற்றுவது என்று தெரியாமல், சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து அழுவாள். பால் திரிந்துபோகும்.

பலூன் கடைத் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. துப்பாக்கிக் குழலின் நுனியில் நெல்மணி அளவுக்கு ஒரு முள் நிற்கும், அதைப் பலூனோடு நேர்வைத்துத்தான் சுடவேண்டும். கடைக்காரர்கள் அந்த முள்ளை ஒரு மயிரிழை ஒதுக்கிவைத்திருப்பார்கள். சுடுகிறவன் எல்லாம் பலூனை உடைத்துவிட்டால் கடைக்காரன் வாயில் மண்தான். அய்யாசாமியும் அப்படித்தான் வைத்திருந்தார். ஆனால் அவருடைய துப்பாக்கிகளில் ஒன்று அளவுக்கு மிஞ்சிப் போனது. குண்டு பலகையிலேயே படாமல் இடது பக்கம் ஒடிந்து பறந்து காணாமல் போனது. மேல்பட்டாம்பாக்கத்து மாதா திருவிழாவில் கடையையே வேறு திசைக்குத் திருப்பிப் போட்டுப் பார்த்தார், அங்கேயும் அதே கதை. இடதில் போகிறதே என்று முள்ளை வலது பக்கமாகத் தட்டித் தள்ளினார், இன்னும் மோசமானது. தட்டித் தட்டி அது பால்பல் மாதிரி ஆட ஆரம்பித்துவிட்டது.

ஒரு சந்தை நாளில் சடையப்பன் பேரப்பிள்ளைகளோடு கடைக்கு வந்து அந்தத் துப்பாக்கியால் சுட்டார். குண்டு போன தடம் தெரியவில்லை. டப்பாவில் இருந்த குண்டை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தவருக்கு முகம் மாறிவிட்டது. மறுநாள் ஷிப்டு முடிந்ததும் நேரே கடைக்கு வந்து, சொரங்கத்து மேல நிக்கிற குண்டுல இன்னைக்குக் கூட ஒண்ணு நிக்குதுப்பா என்றார்.

“எங்க நிக்குது?” என்றாள் செங்கமலம்.

“தும்பைக்குப்பத்து ஏரிக்குக் கெழக்கால. இடுகாடு இருந்துச்சே, அதுக்கு மேல.”

செங்கமலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அவ்ளோ அகலத்துல எங்கன்னு நான் பால ஊத்துவேன்?” என்று புருஷனைப் பார்த்துக் கேட்டாள். “ஒரே எடத்துல போவ வையிய்யா. நீ எனக்கு வேற ஒண்ணுமே செய்ய வாணாம்.”

அய்யாசாமிக்குக் கோணலாக்கத் தெரியும், நேராக்கத் தெரியாது. நகரியத்துப் பள்ளியில் என்சிசி பிள்ளைகளுக்குச் சுடச் சொல்லித்தரும் மெர்லின் டீச்சரிடம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார். டீச்சர் முள்ளைத் தொட்டுப் பார்த்து, இது ஆடுறதுனாலதான் சிதறுது, புதுசு போடணும் என்றார். குண்டு எங்கே போய் நிற்கிறது என்று அய்யாசாமி சொன்னதற்கு டீச்சர் வியக்கவில்லை, எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். புது முள் சென்னையில் இருந்து வந்தது. டீச்சர் பித்தளைக் கம்பியை வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டி, குழல் நுனியில் முள் உட்காருகிற காடிப் பள்ளத்தில் அதை இறக்கினார்.

“அண்ணே, குண்டு எடது பக்கம் போனா முள்ளையும் எடது பக்கமேதான் தள்ளணும். நீங்க தலைகீழா பண்ணியிருக்கீங்க.”

“அதெப்படிம்மா, தப்பாப் போற பக்கமே தள்ளச் சொல்ற?”

“நீங்க முள்ளதான பலூனுக்கு நேரா வைக்கிறீங்க? முள்ளு எடது பக்கம் போனா கொழலு வலது பக்கம் திரும்பும். தட்டுங்க, நான் பாத்துக்கறேன்.”

மனசே இல்லாமல்தான் அய்யாசாமி தட்டினார். டீச்சர் பலூனை விட்டுவிட்டு, குண்டு ஒரே தடத்தில் போகிறதா என்று சுட்டுச் சுட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். போதும் என்று அவர் சொன்னபோது எதிரே கட்டியிருந்த பலூன்களில் ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் மறுநாள் காலை சடையப்பன் போனில் கூப்பிட்டார். கடைசியாகப் போன குண்டுகள் எல்லாம் ஒரு டம்ளர் வாய்க்குள் அடங்குகிற மாதிரி ஒரே இடத்தில் குவிந்து நிற்பதாகவும், விளிம்பில் இருந்து பார்த்தால் தெரியவேண்டும் என்பதற்காகத் இயந்திரக் கையில் ஏறித் தன் சிவப்புத் துண்டை அதில் மாட்டிவிட்டு வந்திருப்பதாகவும் சொன்னார்.

மகள் இறந்த நாளன்று சடையப்பனோடு இருவரும் சுரங்க விளிம்புக்குப் போனார்கள். ஆணி இல்லாத வெளியில் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது, கீழே அவ்வளவு ஆழம். “அதான் எடம். அய்யோ எங்கண்ணு, அங்கியா கெடக்குற!” என்று செங்கமலம் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே செருப்பைக் கழற்றினாள். பால் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு விளிம்பைத் தாண்டிக் காலை வைத்தாள். பழைய தரை இருந்த மட்டத்தில் வெளி அவளைத் தாங்கியது. வரப்பு இருந்த இடத்தில் வரப்பின் மேல் நடந்தாள், வாய்க்கால் இருந்த இடத்தில் புடவையைத் தூக்கிக்கொண்டாள். துண்டுக்கு அடியில் உட்கார்ந்து பாலை ஊற்றினாள். பால் கீழே விழவில்லை, ஊறிப்போனது. அய்யாசாமியும் பின்னாலேயே ஓடிப்போய்க் காலை வைத்தார். கால் சரேலென்று உள்ளே போனது, சடையப்பன் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் அன்றோடு முடிந்திருக்கும். அது அவர் எழுதிக்கொடுத்த மண்.

“நீ அங்கியே இருய்யா” என்றாள் செங்கமலம் திரும்பிப் பார்க்காமல்.

இப்போதெல்லாம் அந்த நாளுக்கு அவளுக்கு கேட் பாஸ் போட்டுவிடுகிறார்கள். விதி விதிதான், ஹெல்மெட் இல்லாமல் செக்யூரிட்டி விடுவதில்லை, அவளும் முக்காட்டுக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு போகிறாள். அந்த ஷிப்டில் இருக்கிற ஓட்டுநர்கள் அவள் எழுந்து வரும்வரை இயந்திரத்தை நிறுத்திவைக்கிறார்கள், யாரும் உத்தரவு போடவில்லை. அய்யாசாமி அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு விளிம்பில் நிற்கிறார். அவள் துண்டு பக்கம் போன பிறகு, யாரும் பார்க்காதபோது, ஒரு காலை மட்டும் வெளியே நீட்டி மெல்ல ஊன்றிப் பார்க்கிறார். வருடாவருடம் பார்க்கிறார். இதுவரை தாங்கவில்லை.