மாதிரி வீட்டுக் கட்டில்

ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வீடு அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். தையல்காரம்மா அதை நாலு தடவை படித்திருந்தாள்.

பத்தொன்பது வருஷமாக அவள் ரெண்டு பஸ் மாறி, ரெண்டிலும் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறாள். பெரிய கடைத்தெருவில் ஒரு துணிக்கடை, அதன் பின்பக்கம் ஜன்னலில்லாத அறை. வாங்குகிறவர்களுக்கு இடுப்பைப் பிடித்துத் தருவது, கால் நீளத்தைக் குறைப்பது, அதுதான் அவள் வேலை. அந்தத் தெருவிலேயே இப்போது இருபது மாடிக் கட்டடம் ஒன்று வந்திருக்கிறது. நீச்சல் குளம் உண்டு, வாசலில் சலாம் போட ஆள் உண்டு. நூறு வீட்டுக்கு ஐந்து வீடு சாதாரண ஜனங்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும் என்று நகராட்சி சொல்லிவிட்டதால் குலுக்கல் நடத்தினார்கள். மூன்றாவது வருஷம் அவள் பெயரும் அவள் வீட்டுக்காரர் பெயரும் சேர்ந்து விழுந்தது.

மூன்றரை மணிக்கு ஏழாவது மாடியில் மாதிரி வீட்டைப் பார்க்கலாம், எல்லாருக்கும் கிடைக்கப்போவது இதே அளவு வீடுதான் என்றிருந்தார்கள். மூன்றுக்கே கடையில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்ற மறந்தது அவளுக்குத் தெரியாது.

கதவைத் திறந்த ஏஜெண்ட் பெண் முதலில் பார்த்தது அந்த டேப்பைத்தான்.

"இப்பத்தான் வர்றீங்களா அக்கா? ரெண்டு மணிக்கு வரச் சொன்னேன். முதல்ல பெட்ரூம் ஜன்னலை அளங்க."

தையல்காரம்மா தான் யார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் யாராவது அளக்கச் சொன்னால் அவளுக்கு வாய்க்கு முன்னால் கை போய்விடும். முப்பது வருஷப் பழக்கம். டேப் ஜன்னலில் ஏறிவிட்டது. நாலே முக்கால் அடி.

"கட்டிலுக்கு விரிப்பும் நீங்களே தச்சிடுங்க. கடையில இந்த சைஸ் கிடைக்காது," என்றாள் ஏஜெண்ட். "ரூம் பெருசாத் தெரியணும்னு கட்டிலைச் சின்னதாச் செய்யச் சொன்னது. அஞ்சே கால் அடிதான். மூணரைக்குக் குலுக்கல் ஜோடி ஒண்ணு வருது, அவங்ககிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

"நானா போய் அவங்ககிட்ட சொல்லப்போறேன்?" என்றாள் தையல்காரம்மா. திறந்த வாயை அதோடு மூடிக்கொண்டாள். மூடியிருந்தால் இன்னும் என்னென்ன வருமோ என்றிருந்தது.

வந்தது. காலையிலிருந்து சிரித்துச் சிரித்துத் தாடை வலித்துப்போன ஏஜெண்டுக்கு, மனசு விட்டுப் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டது. சாப்பாட்டு மேஜை நாலு வயசுப் பிள்ளைகளுக்கானதாம். கூடத்துக் கண்ணாடி, பார்க்கிறவர்களை ஒல்லியாகக் காட்டுமாம். பெட்ரூம் சுவர் முழுக்க இருக்கும் அலமாரியை நகர்த்த முடியாது, கட்டும்போதே வைத்துக் கட்டிவிட்டார்களாம். மருந்துக் கடை, பூங்கா, காய்கறிக் கடை எல்லாம் நடக்கிற தூரம் என்பதுதான் தான் சொல்வதிலேயே பொய்யில்லாத ஒரே சங்கதி என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

தையல்காரம்மா தலையாட்டிக்கொண்டே சுவரிலிருந்து அலமாரி வரை டேப்பை இழுத்தாள். ஆறடி ரெண்டு அங்குலம். இன்னொரு தடவை அளந்தாள், அதேதான். அவள் வீட்டுக்காரர் ஆறடி நாலு அங்குலம். அவருக்கென்றே சொல்லிச் செய்த கட்டில் ஏழடி.

அந்த நேரம் பார்த்து அவரே தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார். லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் அவருக்கு ஏணி என்று பெயர். கீழே வந்து இருபது நிமிஷமாகிறதாம். லிஃப்டில் ரெண்டு தடவை ஏறி இறங்கிச் சத்தம் கேட்டுப் பார்த்தாராம். கதவு மட்டும் கொஞ்சம் சோம்பேறி, மற்றபடி தங்கம் என்றார்.

"வீடு எப்படிம்மா, பிடிச்சிருக்கா?"

ஏஜெண்ட் அவரைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள்.

"நீங்க... கர்ட்டன் தைக்கிற அக்கா இல்லையா?"

"குலுக்கல் ஜோடி," என்றாள் தையல்காரம்மா. "ஜன்னல் நாலே முக்கால் அடிம்மா. மறக்கறதுக்குள்ள எழுதிக்க."

ஏஜெண்ட் சாப்பாட்டு மேஜையின் சின்ன நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அக்கா போய் மேடம் வந்தது, மன்னிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. வெளியே சொல்லமாட்டேன் என்று இவளே அவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. அதற்குள் ஏணி கட்டிலில் நீட்டிப் படுத்துவிட்டார். பாதிக் கெண்டைக்காலுக்குக் கீழே எல்லாம் அந்தரத்தில் நின்றது. யாரோ விட்டுவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி நாலரை. அவரைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய் அளவைச் சொன்னாள். காலை மடக்கினால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு தடவை அவள் தங்கை வீட்டு சோபாவில் படுத்துவிட்டு ஒரு வாரம் கழுத்தைத் திருப்பவில்லை. வேண்டாம், விட்டுவிடலாம் என்றாள். பஸ் என்ன புதுசா, சில நாள் உட்காரக்கூட இடம் கிடைக்கும் என்றாள். கடைசியாக எப்போது கிடைத்தது என்று அவர் கேட்டார். யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள்.

அவர் போய் அலமாரியைத் திறந்தார். விரலை மடக்கி அங்கங்கே தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"நடுத்தட்டு வெறும் எட்டு ஸ்க்ரூதான். கழட்டிட்டா கட்டிலோட கால்மாடு உள்ள போயிடும்."

எதையும் மாற்றக்கூடாது, விதி இருக்கிறது என்று ஏஜெண்ட் முனகினாள். கழற்றினதைத் திருப்பி மாட்டினால் அது மாற்றமே இல்லை, தங்கள் தொழிலில் அதற்குப் பராமரிப்பு என்று பெயர் என்றார் அவர். இன்றைக்குத் தான் பேசினதே போதும், இனிமேல் எதையும் பார்க்கவும் இல்லை கேட்கவும் இல்லை என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ராத்திரி பூரா அலமாரிக்குள்ள காலை நீட்டிக்கிட்டா தூங்குவீங்க?" என்றாள் தையல்காரம்மா.

"பத்தொன்பது வருஷம் நீ கம்பியைப் பிடிச்சுத் தொங்கியிருக்கே. என் கால் ரெண்டும் உன் துணிமணியோட கிடந்தா தேஞ்சா போயிடும்?"

அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று ஏஜெண்டைக் கேட்டாள்.

குடிவந்த மறுநாள் காலை ஏழரைக்கு எழுந்தாள். பழைய வீட்டிலென்றால் இந்நேரம் ரெண்டாவது பஸ்ஸில் யார் முழங்கையோ விலாவில் இருக்கும். அலமாரியில் தொங்கிய துணிகளை விலக்கினால் அவர் பாதம் ரெண்டும் இவளைப் பார்த்து நின்றன. குறட்டை மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஒரு துண்டை எடுத்துப் பாதத்தை மூடிவிட்டு, உடுத்திக்கொண்டு கிளம்பினாள்.

வேண்டுமென்றே மெதுவாகத்தான் நடந்தாள். மருந்துக் கடை வாசலில் நின்றாள். பூங்காவில் ஒரு பெஞ்சில் சும்மா உட்கார்ந்து எழுந்தாள். அப்படியும் துணிக்கடை ஷட்டர் மூடியே இருந்தது. முதலாளி வர இன்னும் அரை மணி.

வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அவரை எழுப்பாமல் ஒரு டீ போட்டு, கடைசிச் சொட்டு வரை உட்கார்ந்தே குடித்துவிட்டு, மறுபடியும் வேலைக்குக் கிளம்பினாள்.